‘தெற்குத் தெரு குடும்பம்’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கவிதா, காலை 7:05
எல்லாருக்கும் காலை வணக்கம். நைட் டியூட்டி முடித்து வரும் வழியில் பெரியப்பா வீட்டில் இறங்கினேன். தனியாக உட்கார்ந்து புளூயி பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் காபி ஆறி ஆடை கட்டியிருக்கிறது.

கவிதா, காலை 7:06
பேத்தி நிலா ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. பெரியப்பா இன்னும் தினமும் நாலு கதை பார்க்கிறாராம்.

முருகேசன், காலை 7:20
எது, அந்த நீல நாய்க்குட்டி படமா?

கவிதா, காலை 7:20
ஆமாம் அப்பா.

முருகேசன், காலை 7:26
அண்ணே, அது சின்னப்பிள்ளைகள் பார்க்கிறது. உங்களுக்கு 69 வயது. நியூஸ் பாருங்கள், இல்லையென்றால் கச்சேரி கேளுங்கள். தனியாக இருப்பதால் மனசு எங்கேயோ போகிறதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ராமலிங்கம், காலை 7:48
மனசு சரியாகத்தான் இருக்கிறது தம்பி. நியூஸும் பார்க்கிறேன். கேட்டதால் சொல்கிறேன், மெதுவாகத்தான் டைப் செய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராமலிங்கம், காலை 8:02
நிலா இங்கே இருந்தபோது முதல் வாரம் நான் அதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்ப்பாள், நான் பக்கத்தில் பேப்பர் படிப்பேன். ஒரு நாள் பலூன் கதை வந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பலூன். அது தரையில் விழக்கூடாது, அவ்வளவுதான் விளையாட்டு. நம் வீட்டில் கல்யாணம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் ஆடும். அப்பன் நாய் சும்மா இருக்காது, வேண்டுமென்றே விளையாட்டைக் கஷ்டமாக்கும். கடைசியில் பலூன் வெடித்துவிடும். நான் பேப்பரை எப்போது கீழே வைத்தேன் என்றே தெரியவில்லை.

ராமலிங்கம், காலை 8:10
அந்த அப்பனுக்கும் வேலை இருக்கிறது. தொல்லியல் வேலை, மண்ணைத் தோண்டுகிறது. களைத்துப்போய்ப் படுத்திருக்கும். பிள்ளைகள் வந்து இழுக்கும். முதலில் முனகும். அப்புறம் எழுந்துவிடும். அது எழுந்திருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன். 31 வருஷம் வண்டி ஓட்டினேன். நான் டிப்போவில் இருந்து வரும்போது அருண் தூங்குவான், அவன் பள்ளிக்கூடம் போகும்போது நான் தூங்குவேன். என்னை எழுப்பக்கூடாது என்று அவன் அம்மா பிள்ளையை மிரட்டி வைத்திருந்தாள்.

பிரபு, காலை 8:15
பெரிய மாமா ❤️

வசந்தா, காலை 8:31
அண்ணன் சொல்லிவிட்டதால் நானும் சொல்கிறேன். நான் ஆட்டுக்குட்டி படம் பார்ப்பேன். ஷான் த ஷீப். இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.

முருகேசன், காலை 8:33
அக்கா நீயுமா?

வசந்தா, காலை 8:44
ஆமாம் தம்பி. காது மந்தமானதில் இருந்து எனக்கு சீரியல் வெறும் வாயசைப்புதான். மெஷின் வைத்தால் பேச்சு எல்லாம் இரைச்சலோடு கலந்து வருகிறது. எல்லாரும் சிரிப்பார்கள், எதற்கு என்று நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பேன். கேட்டால், ‘ஒன்றுமில்லை அம்மா, அப்புறம் சொல்கிறேன்’ என்பார்கள். அந்த அப்புறம் வராது.

வசந்தா, காலை 8:50
ஒரு நாள் பேரன் ஆட்டுக்குட்டி படம் வைத்தான். அதில் யாரும் பேசுவதே இல்லை. பண்ணைக்காரர் கூட வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி. ஒரு முட்டைக்கோஸை உருட்டிவந்து ஆடுகள் எல்லாம் கால்பந்து ஆடின. பேரன் சிரித்தான், பிரபு சிரித்தான், அதே நொடியில் நானும் சிரித்தேன். எத்தனை நாள் கழித்து நான் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பிரபு, காலை 8:55
அம்மா, இதை நீ என்னிடம் சொன்னதே இல்லை.

வசந்தா, காலை 8:56
நீ கேட்டதே இல்லையே ராசா. பரவாயில்லை.

பிரபு, காலை 9:04
அந்தப் படம் எப்படி எடுக்கிறார்கள் என்று அன்றைக்கே தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஆர்ட்மேன் என்ற ஸ்டுடியோ. 2007-ல் தொடராக வந்தது, ஆனால் அந்த ஆட்டுக்குட்டி 1995-லேயே அவர்களுடைய வேறொரு படத்தில் தலைகாட்டிவிட்டது. எல்லாம் கையால் செய்த பொம்மைகள். ஒரு தடவை காதை ஒரு நூலளவு திருப்பி ஒரு போட்டோ, மறுபடி ஒரு நூலளவு, மறுபடி ஒரு போட்டோ. ஒரு நொடிப் படத்துக்கு 25 ஃபிரேம். லேத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பொறுமை என்ன என்று தெரியும். ஒரு கதை ஏழு நிமிஷம்தான், அதற்கு இத்தனை கை உழைத்திருக்கிறது.

பிரபு, காலை 9:06
வசனம் இல்லாததால் மொழிமாற்றமே தேவை இல்லை. எந்த ஊருக்கும் அப்படியே போகிறது. அம்மாவுக்கும் அப்படியே வந்தது.

கவிதா, காலை 9:10
அத்தை, அடுத்த வாரம் நான் வந்து உங்களோடு பார்க்கிறேன்.

பிரபு, காலை 9:18
நானும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டோரா.

கவிதா, காலை 9:18
குள்ளநரி திருடக் கூடாது! குள்ளநரி திருடக் கூடாது! 😄

பிரபு, காலை 9:27
அதேதான். சுட்டி டிவி 2007-ல் வந்தது. நான் டிப்ளமோ முடித்தது 2009. ஒரு வருஷம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அக்கா மகனுக்குச் சோறு ஊட்ட டோரா போடுவோம். சோறு முடிந்த பிறகும் நான் உட்கார்ந்திருப்பேன். டோரா ஒரு கேள்வி கேட்பாள், அப்புறம் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாள், நாம் பதில் சொல்வதற்கு. அந்த வருஷம் எல்லாரும் என்னிடம் கேள்வி கேட்டார்கள். என்னடா, ஏதாவது அமைந்ததா, அந்தக் கம்பெனியில் கேட்டாயா. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். டோராவும் புஜ்ஜியும் மட்டும்தான் காத்திருந்தார்கள். பாலமா, மலையா, ஆறா என்று வழி கேட்டால் நான் வாய்விட்டே பதில் சொல்வேன்.

பிரபு, காலை 9:29
இப்போது என் பையனிடம் ஒரு கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன். அது டோராவிடம் பிடித்துக்கொண்ட பழக்கம்.

முருகேசன், காலை 9:35
சரி, அக்கா விஷயம் எனக்குப் புரிகிறது. பிரபுவுக்கு அப்போது 20 வயது. ஆனாலும் பெரியவர்கள் பார்க்கத்தான் ஆயிரம் இருக்கிறதே.

கவிதா, காலை 9:41
அப்பா, வார்டில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறேன். வீட்டில் டிவி போட்டால் ஒரு சேனலில் கொலை, ஒரு சேனலில் மருமகளுக்கு விஷம். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வருவதில்லை. சின்னப்பிள்ளைப் படத்தில் விழுந்தவன் எழுந்துவிடுவான் என்று நிச்சயமாகத் தெரியும். அது தெரிந்தால்தான் நான் கண்ணை மூட முடியும். இப்போது தூங்கப்போகிறேன், சாயங்காலம் வருகிறேன்.

அருண், காலை 9:50
இப்போதுதான் பார்த்தேன். இங்கே பகல் 2:20. நிலாவுக்கு நீச்சல் வகுப்பு, குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்பா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

அருண், காலை 9:58
சித்தப்பா, உங்களுக்கு ஒரு விஷயம். புளூயி எங்கள் ஊர்ப் படம். பிரிஸ்பேனிலேயே லூடோ என்ற ஸ்டுடியோவில் செய்கிறார்கள். ஜோ பிரம் என்பவர் உருவாக்கியது, அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களோடு விளையாடியதில் இருந்துதான் கதைகள் பிறந்தன. 2018 அக்டோபரில் ஆரம்பித்தது. 2024-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்டது இதுதான், அந்த ஒரே வருஷத்தில் 5,500 கோடி நிமிஷத்துக்கு மேல். குழந்தைகள் ஒரே கதையை நூறு தடவை பார்ப்பார்கள், அதுவும் இதில் சேரும். ஆனால் இங்கே என் ஆபீஸில் பிள்ளை இல்லாதவர்களும் பார்க்கிறார்கள்.

அருண், காலை 10:03
அந்த வீட்டைக் கவனித்தீர்களா அப்பா? தூண் மேல் தூக்கிக் கட்டிய மரவீடு, சுற்றி வராந்தா. இங்கே பழைய வீடுகள் எல்லாம் அப்படித்தான், அடியில் காற்று போவதற்காக. வெயில், திடீர் மழை, எல்லாம் நம் ஊர் மாதிரி. முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஆச்சி வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

ராமலிங்கம், காலை 10:07
கவனித்தேன். வராந்தாவில் துணி காயப்போட்டால் நன்றாகக் காயும்.

தீபா, காலை 10:22
மாமா, நானும் ஒன்று சொல்லட்டுமா? தூங்கும் கதை ஒன்று இருக்கிறது, 2020-ல் வந்தது. புளூயியின் தங்கை பிங்கோ அன்றைக்கு ராத்திரி தனிக் கட்டிலில் தூங்க ஆசைப்படுவாள். கனவில் அவள் கிரகங்களுக்கு நடுவே மிதந்துபோவாள். பேச்சு ரொம்பக் குறைவு, முழுக்க இசை. ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்துக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னால் கிரகங்களுக்கு எழுதிய இசையில் வியாழனுக்கு உரிய பகுதி. குளிர்கிற இடத்தில் பிள்ளை நடுங்கும்போது சூரியன் வந்து சூடு கொடுக்கும். அந்தச் சூரியனுக்கு அம்மாவின் குரல். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நான் இருப்பேன் என்று சொல்லும்.

தீபா, காலை 10:29
2021-ல் அம்மா போனபோது எல்லை மூடியிருந்தது, நான் தூத்துக்குடிக்கு வர முடியவில்லை. போனில்தான் பார்த்தேன். ஒரு வாரம் கழித்து நிலாவைத் தூங்கவைக்க இந்தக் கதையைப் போட்டேன். நிலா தூங்கிவிட்டாள். நான் இருட்டில் அதைத் திரும்பப் போட்டேன், ரொம்ப நேரம் அழுதேன். அதுவரை எனக்கு அழுகையே வரவில்லை. எனக்கு வெட்கமாக இல்லை மாமா, நீங்களும் கூச்சப்படாமல் பாருங்கள்.

வசந்தா, காலை 10:34
தீபா, கண்ணு. உன் அம்மா கைப்பக்குவத்து மீன்குழம்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

தீபா, காலை 10:35
🙏

முருகேசன், காலை 10:51
தீபா, நான் யாரையும் தப்பாகச் சொல்லவில்லை அம்மா.

அருண், காலை 10:55
தெரியும் சித்தப்பா. நீங்கள் ஒன்றே ஒன்று பாருங்கள். கிரிக்கெட் கதை. லிங்க் அனுப்புகிறேன். ஏழு நிமிஷம்தான். தெருவில் எங்களுக்கு டென்னிஸ் பால் வாங்கிக்கொடுத்து பேட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே.

முருகேசன், காலை 10:58
பார்ப்போம். கடைக்குப் போகணும்.

கவிதா, மாலை 5:12
எழுந்துவிட்டேன். அப்பா ஹாலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முருகேசன், மாலை 5:40
பார்த்தேன். இரண்டு தடவை.

முருகேசன், மாலை 5:52
ரஸ்டி என்ற அந்தச் செவலைக் குட்டிக்கு நல்ல கை. பெரிய பையன் வேகமாகப் போட்ட பந்து காலில் பட்டு, அப்புறம் பயத்தில் ஒதுங்கி ஒதுங்கி ஆடுவான். நம் அருணும் அப்படித்தான், லெக் பக்கம் ஓடிவிடுவான். ரஸ்டியின் அப்பா பட்டாளத்தில் இருக்கிறார், அங்கே இருந்து கடிதம் எழுதுகிறார். வாழ்க்கையில் இதைவிடப் பெரியது எல்லாம் வரும், ஒதுங்கினால் அவுட், முன்னால் வந்து புல் ஷாட் ஆடலாம், இரண்டில் ஒன்று என்று. பந்தைக் கவனி, தங்கையைப் பார்த்துக்கொள் என்று முடிக்கிறார்.

முருகேசன், மாலை 6:01
அப்பன்மார் எல்லாம் சேர்ந்தும் அவனை அவுட் ஆக்க முடியவில்லை. எந்தப் பந்தையும் எங்கே வேண்டுமானாலும் அடிக்கிறான். அப்படிப்பட்டவன் ஒரு பந்தை மெதுவாகத் தூக்கி, சரியாகத் தங்கை கையில் விழுகிற மாதிரி அடித்தான். அவள் பிடித்துவிட்டாள். அடுத்து அவள் ஆட்டம். 40 வருஷம் கிரிக்கெட் பார்க்கிறேன், இதற்கு மேல் ஒரு ஷாட் நான் பார்த்ததில்லை.

முருகேசன், மாலை 6:03
அண்ணே, காலையில் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ராமலிங்கம், மாலை 6:10
என்னடா இது. விடு.

அருண், மாலை 6:25
அப்பா, காலையில் இருந்து ஒன்று சொல்ல நினைத்து நிறுத்திவைத்தேன். நீங்கள் எழுந்து விளையாடியதே இல்லை என்ற மாதிரி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. விடியற்காலையில் காக்கிச் சட்டையோடு, டீசல் வாசனையோடு வருவீர்கள். நான் முழித்துக்கொண்டால் அம்மாவுக்குத் தெரியாமல் மடியில் உட்காரவைத்து எவர்சில்வர் தட்டைக் கையில் கொடுப்பீர்கள். அதுதான் ஸ்டீயரிங். நான் வளைத்து வளைத்து ஓட்டுவேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்வீர்கள். மதுரை வரை போவதற்குள் உங்களுக்குக் குறட்டை வந்துவிடும்.

ராமலிங்கம், மாலை 6:41
எனக்கு ஞாபகமே இல்லை அருண்.

அருண், மாலை 6:43
எனக்கு இருக்கிறது. இங்கே தினமும் சாப்பிட்டதும் நிலா தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு என் மடியில் ஏறிவிடுவாள். இன்றைக்கு நீச்சலில் களைத்துப்போயும் விடவில்லை. தாத்தாவுக்கு என்று பேசி அனுப்பியிருக்கிறாள், கேளுங்கள்.

அருண், மாலை 6:44
🎤 குரல் செய்தி (0:19)

கவிதா, மாலை 6:46
“கங்கைகொண்டான், கயத்தாறு, கோவில்பட்டி, விருதுநகர், திருமங்கலம், மதுரை, எல்லாரும் இறங்குங்க!” அத்தைக்காக எழுதிப் போட்டேன்.

வசந்தா, மாலை 6:48
நன்றி கவிதா. பிள்ளை என் அண்ணன் மாதிரியே சொல்கிறாளா?

கவிதா, மாலை 6:48
அப்படியே அத்தை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் இழுத்து இழுத்து.

ராமலிங்கம், மாலை 7:05
நான்கு தடவை கேட்டேன்.

ராமலிங்கம், மாலை 7:09
சாத்தூரை விட்டுவிட்டாள். கோவில்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவில் வரும். ஜனங்கள் சேவு வாங்க இறங்குவார்கள், அங்கே கொஞ்சம் வண்டியை நிறுத்தச் சொல்.