நிலை, ஜன்னலுக்கு எந்த மரம்? ஆலோசனை தேவை

வணக்கம். தென்காசியில் வீடு கட்டுகிறோம். நிலை வைக்க நாள் குறித்தாயிற்று. 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்தபோது ஏறிய எம்.சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விலையே கையைக் கடித்தது. செப்டம்பரில் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது சற்று ஆறுதல். இப்போது மரம் மிரட்டுகிறது.

தலைவாசலுக்குத் தேக்குதான், அம்மாவிடம் அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்ற நிலைகளுக்கு வேங்கையா, வேம்பா? ஒரு மரக்கடையில் பார்த்த தேக்குச் சட்டங்களில் ஓரமெல்லாம் வைரம் பாயாத வெள்ளை. அதற்கும் வைரம் பாய்ந்த மரத்தின் விலையே சொல்கிறார்கள்!

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு மரம் வாங்கி இழைத்தவர்கள் இருக்கிறீர்களா? ஆணி ஓட்டை, கழிவு, ஆசாரி கூலி எல்லாம் போக மிச்சமாகிறதா? கன அடிக்கு என்ன கொடுத்தீர்கள்? குளியலறைக்கு டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) நிலை போட்டவர்களும் சொல்லுங்கள்.