குடும்பத் தளத்தின் படிவம்

அத்தை: நேற்றிரவு நான் அனுப்பிய கட்டுரை, யாரும் படித்து ஒப்புதல் தருவதற்கு முன்பே தளத்தில் வெளியாகிவிட்டது. என் கணக்கு கான்ட்ரிபியூட்டர் நிலையில்தானே இருக்கிறது?

அண்ணன்: ஆம், அத்தை. நம் தளத்தை இயக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் நிர்வாகப் பக்கம் வழியாக அனுப்பியிருந்தால் அது ஒப்புதலுக்குக் காத்திருந்திருக்கும். ஏனெனில் கான்ட்ரிபியூட்டருக்கு எழுதும் உரிமை உண்டே தவிர, வெளியிடும் உரிமையோ படம் ஏற்றும் உரிமையோ கிடையாது. ஆனால் முகப்புப் படிவத்துக்காக நான் எழுதிய செருகுநிரல் (பிளகின்), ‘டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட்’ என்னும் ஃபங்ஷனை நேரடியாக அழைத்துப் பதிவைச் சேமிக்கிறது. அனுப்புபவருக்கு உரிமை உண்டா என்று அது தானாகப் பார்ப்பதில்லை. பார்த்திருக்க வேண்டியவன் நான்.

சித்தப்பா: வெளியிடும் உரிமையுள்ள ஆத்தர், எடிட்டர், நிர்வாகி ஆகியோருக்கு மட்டும் அந்தப் படிவத்தைக் காட்டினால் போதாதா?

அண்ணன்: போதாது, சித்தப்பா. படிவத்தை மறைத்தாலும் அது தரவை அனுப்பும் முகவரி திறந்தேதான் இருக்கும். பக்கத்தையே பார்க்காத ஒருவரும் அங்கே தரவை அனுப்பிவிட முடியும்.

தங்கை: படிவத்தோடு வரும் தற்காலிகக் குறியீடான நான்ஸைச் சரிபார்ப்பது அதைத் தடுக்காதா, அண்ணா?

அண்ணன்: வேறொரு தளம் உன்னை ஏமாற்றி உன் பெயரில் கோரிக்கை அனுப்புவதை நான்ஸ் தடுக்கும், உனக்கு உரிமை உண்டா என்பதை அது சொல்லாது. அதன் ஆயுளும் இயல்பாக 24 மணி நேரத்துக்கு மேல் போகாது என்பதால், கேச் செய்த, அதாவது முன்பே சேமித்துவைத்த பக்கத்தில் பழைய நான்ஸ் தங்கிவிட்டால் முறையாக அனுப்புபவரின் படிவமும் நிராகரிக்கப்படும். சென்ற வாரம் சித்திக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தங்கை: உங்கள் நிரலில் ‘இஸ் அட்மின்’ என்றொரு சோதனையைப் பார்த்தேனே?

அண்ணன்: பெயரை நம்பி நானும் ஏமாந்தேன். கோரிக்கை நிர்வாகப் பகுதிக்குரியதா என்பதை மட்டுமே அது சொல்கிறது; பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் பின்னணியில் தரவை அனுப்பும் அட்மின் அஜாக்ஸ் வழியாக வரும் கோரிக்கைக்கு, அனுப்புபவர் யாராக இருந்தாலும் ‘ஆம்’ என்றே விடை தரும். இனி, தரவைப் பெறும் இடத்தில் ‘கரன்ட் யூசர் கேன்’ கொண்டு வெளியிடும் உரிமையைச் சோதித்து, அது இல்லாதவர்களின் பதிவை ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ‘பெண்டிங்’ நிலையில் சேமிக்கப் போகிறேன். ஆத்தர், எடிட்டர் போன்ற ரோலின் பெயரைச் சோதிக்க மாட்டேன். நாளை நாமே ஒரு புதிய ரோலை உருவாக்கினால் அந்தச் சோதனை பயனற்றுப் போய்விடும்.

சித்தப்பா: பதிவுசெய்யும் படிவத்தில் ரோல், திரையில் தெரியாத மறைபுலமாக இருக்கிறதே, அதையும் பார்த்துவிடு.

அண்ணன்: நல்ல வேளை, நினைவூட்டினீர்கள். அந்த மதிப்பை உலாவியிலேயே ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று மாற்றி அனுப்பிவிடலாம் என்பதால் மறைபுலத்தை நீக்கிவிட்டு, புதியவர் எல்லோருக்கும், எழுதும் உரிமை இல்லாத சப்ஸ்கிரைபர் ரோல் என்று சர்வரிலேயே எழுதிவிடுகிறேன்.

அத்தை: அப்படியானால் என் கட்டுரை?

அண்ணன்: பெண்டிங் நிலைக்கு மாற்றிவிட்டேன், அத்தை. சித்தப்பா எடிட்டராக இருப்பதால் அவரே படித்து வெளியிடுவார்.