டிஸ்க் இல்லாத 18 மெஷின், ஒரே சர்வர்: எல்லாம் சேர்ந்து பூட் ஆக 9 நிமிஷம்

அல்சூர்_லேப்:
பெங்களூரு அல்சூரில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக 18 மெஷின் போட்டிருக்கோம். எல்லாம் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய ஆபீஸ் டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க் கிடையாது. சர்வர் டெபியன் 12, 16 ஜிபி ரேம், சாட்டா எஸ்எஸ்டி. மெஷினுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி, பூட் ஃபைலை அனுப்பும் டிஎஃப்டிபி இரண்டுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் புரோகிராம். ரூட் ஃபைல் சிஸ்டம் (ஓஎஸ்ஸின் எல்லா ஃபைலும்) என்எஃப்எஸ் வழியா, அதாவது சர்வரின் டைரக்டரியை நெட்வொர்க்கில் பகிர்ந்து, வருது. எல்லாருக்கும் பொதுவா ஒரே டைரக்டரி, ரீட்-ஒன்லி. கெர்னலோடு முதல்ல ரேமில் இறங்கி ரூட்டை மவுன்ட் பண்ணும் இனிட்ராம்எஃப்எஸ் 60 எம்பி.

ஒரு மெஷினை மட்டும் போட்டா 2 நிமிஷத்துல லாகின் வருது. பதினெட்டையும் சேர்த்துப் போட்டா 9 நிமிஷம். கையில் 6,000 ரூபாய் இருக்கு. சர்வருக்கு என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி) போட்டா சரியாகுமா?

நெட்பூட்_கேஆர்புரம்:
என்விஎம்இ வேண்டாங்க. பதினெட்டும் படிப்பது ஒரே ஃபைல்களைத்தான். முதல் மெஷின் படிச்சதுமே அவை சர்வரின் ரேமில் பேஜ் கேஷாகத் தங்கிடும். மீதி 17-ம் எஸ்எஸ்டியைத் தொடுவதே அபூர்வம்.

உங்க 9 நிமிஷத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. லாகின் வரைக்கும் ஒரு மெஷின் 350 எம்பி இழுக்குதுன்னு வைங்க. 18 மெஷினுக்கு 6,300 எம்பி. 100 மெகாபிட் லிங்க்கில் நொடிக்கு 11.5 எம்பிதான் நடைமுறையில் போகும். வகுத்தா 9 நிமிஷம் சொச்சம். கிகாபிட்டில் அதே வேலை ஒரு நிமிஷத்துக்குள்ள முடியணும். அதனால முதல்ல சர்வரில் 'ஈத்டூல்' கமாண்ட் போட்டு நெட்வொர்க் கார்டின் ஸ்பீடு 1000-ஆ 100-ஆன்னு பாருங்க. கிகாபிட்டுக்கு நாலு ஜோடி ஒயரும் வேணும். கிரிம்ப் பண்ணும்போது ஒரு ஜோடி சரியா உட்காரலைன்னா கார்டு பேசாம 100-க்கு இறங்கிடும், எந்த எரரும் வராது. லிங்க் சரின்னா, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ல் 930 மெகாபிட் பக்கம் காட்டணும்.

ஒரே மெஷினுக்கு 2 நிமிஷம் ஆவதும் அதிகம்தான். அதுக்குக் காரணம் டிஎஃப்டிபியா இருக்கலாம். அது ஒரு பாக்கெட் அனுப்பி, வந்து சேர்ந்ததுன்னு பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். இரண்டு பக்கமும் வேறு அளவு பேசிக்கலைன்னா பாக்கெட்டுக்கு 512 பைட். 60 எம்பிக்கு 1,22,880 பாக்கெட். போய் வர அரை மில்லிசெகண்டுன்னா அதுவே ஒரு நிமிஷம். பிளாக் சைஸ் 1,468 ஆனா 21 நொடி. ஹெச்டிடிபியில் கொடுத்தா ஒரு நொடிகூட ஆகாது.

ஆகவே டிஎஃப்டிபியில் ஐ-பிஎக்ஸ்இ-யை (ஹெச்டிடிபியிலும் ஃபைல் இறக்கத் தெரிந்த சின்ன பூட் புரோகிராம்) மட்டும் வைங்க. பழைய வகை ஃபர்ம்வேரான பயாஸ் உள்ள மெஷினுக்கு 'அன்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ', புதிய வகையான யூஇஎஃப்ஐ மெஷினுக்கு 'எஸ்என்பிஒன்லி.இஎஃப்ஐ'. எது எந்த மெஷின்னு, அது அனுப்பும் டிஹெச்சிபி கோரிக்கையில் உள்ள ஆப்ஷன் 93 சொல்லும்: 0 பயாஸ், 7 அறுபத்துநாலு பிட் யூஇஎஃப்ஐ. கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வழியா ஹெச்டிடிபியில் போகட்டும். இங்கே ஒரு பொறி இருக்கு. ஐ-பிஎக்ஸ்இ எழுந்ததும் மறுபடி டிஹெச்சிபி கேட்கும். அப்பவும் அதே ஃபைல் பெயரைக் கொடுத்தா தன்னையே திரும்பத் திரும்ப லோட் பண்ணிட்டிருக்கும். ஐ-பிஎக்ஸ்இ ஆப்ஷன் 175 அனுப்பும். அதை வச்சு டிஎன்எஸ்மாஸ்க்கில் டேக் போட்டு, அந்த டேக் உள்ளவங்களுக்கு ஹெச்டிடிபி ஸ்கிரிப்ட் முகவரியைக் கொடுங்க. செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத பூட் புரோகிராமைத் தடுப்பது) அணைச்சு வைங்க.

மேனேஜ்டு (செட்டிங் மாத்தக்கூடிய) ஸ்விட்ச்சா? அப்போ ஒயரில் வளையம் உண்டாகாம காக்கும் ஸ்பேனிங் ட்ரீயையும் பாருங்க. போர்ட் எழுந்ததும் கேட்க 15 நொடி, கற்க 15 நொடி, ஆக 30 நொடிக்கு எதையும் கடத்தாது. பிஎக்ஸ்இ (கார்டிலேயே உள்ள நெட்வொர்க் பூட்), ஐ-பிஎக்ஸ்இ, கெர்னல் மூணும் கார்டை ரீசெட் பண்ணினா மூணு தடவையும் காத்திருக்கணும். மெஷின் உள்ள போர்ட்களை எட்ஜ் போர்ட்டா (காத்திருக்காம உடனே கடத்துவது) மாத்துங்க. 'பிஎக்ஸ்இ-இ51' (டிஹெச்சிபி பதில் வரலை) எரர் விட்டு விட்டு வந்தா பெரும்பாலும் இதுதான்.

சிவாஜிநகர்_அட்மின்:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் 18 மெஷினுக்கு டைரக்டரியாக என்எஃப்எஸ் கொடுப்பதையே நான் விட்டுவிடச் சொல்வேன். ஒவ்வொரு சின்ன ஃபைலைத் திறக்கவும் பெயரைத் தேடு, அனுமதியைப் பார், மாறியிருக்கிறதா கேள் என்று சர்வரிடம் போய்வர வேண்டும். பைதான், டெஸ்க்டாப் ஐகான், எழுத்துரு என்று ஆயிரக்கணக்கில் திறக்கும் இடத்தில் அகலமான லிங்க் இருந்தும் பயனில்லை.

முழு ரூட்டையும் ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலாக்கி (சுருக்கிய, ரீட்-ஒன்லி இமேஜ்) அதை மட்டும் என்எஃப்எஸ்-ல் வையுங்கள். டெபியனில் லைவ்-பூட் பேக்கேஜ் போட்டு, கெர்னல் வரியில் 'பூட்=லைவ்', 'நெட்பூட்=என்எஃப்எஸ்', என்எஃப்எஸ்ரூட் பாதை கொடுத்தால் போதும். ஃபைல் அந்தப் பாதைக்குள் 'லைவ்' டைரக்டரியில் இருக்க வேண்டும். பிறகு பெயர் தேடுவதெல்லாம் மெஷினுக்குள்ளேயே நடக்கும். ஒயரில் வருவது சுருக்கிய பிளாக் மட்டும். கம்ப்ரெஷனுக்கு இசட்ஸ்டாண்டர்டு எடுங்கள். எக்ஸ்இசட் இன்னும் சிறிதாக்கும், ஆனால் பழைய சிபியு விரிப்பதற்குள் திணறிவிடும். 'ஃபெட்ச்' ஆப்ஷன் முழு ஃபைலையும் ரேமில் இறக்கும்; 4 ஜிபியில் அது கட்டுப்படியாகாது.

எழுதுவதெல்லாம் ரேமில் உள்ள ஓவர்லேயில்தான் (இமேஜின் மேல் போர்த்தும் தற்காலிக அடுக்கு) போகும். அதனால் ஃபயர்ஃபாக்ஸின் டிஸ்க் கேஷை அணையுங்கள், ஜர்னலை (சிஸ்டம் பதிவுகள்) வோலட்டைல் ஆக்குங்கள், ரேமையே சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ராம் ஸ்வாப்பை ரேமில் 50 சதவீதத்துக்குப் போடுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, குறித்த நேரத்தில் தானாக ஓடும் டைமர்கள். ஆப்ட்-டெய்லி (அப்டேட் தேடுவது), மேன்-டிபி (உதவிப் பக்கங்களின் அட்டவணை) போன்றவை கடைசியாக ஓடிய நேரத்தை டிஸ்க்கில் குறித்து வைக்கும். இங்கே அந்தக் குறிப்பு நிலைப்பதில்லை. இமேஜில் உள்ள பழைய தேதியைப் பார்த்து, ஒவ்வொரு பூட்டிலும் 18 மெஷினிலும் அவை மறுபடி ஓடப் பார்க்கும். இமேஜிலேயே அவற்றை மாஸ்க் செய்து முடக்கிவிடுங்கள்.

அல்சூர்_லேப்:
சர்வர் போர்ட்டில் 100-தான் காட்டுச்சு. கேட்6 பேட்ச் கார்டு மாத்தினதும் 1000. ஐ-பிஎக்ஸ்இ, ஸ்குவாஷ்எஃப்எஸ் இரண்டும் போட்டாச்சு. பதினெட்டும் சேர்ந்து ஒன்றரை நிமிஷத்துல லாகின். ரொம்ப நன்றிங்க.

இப்போ வேறொரு தொல்லை. நாலஞ்சு மெஷின் லாகின் வர்றதுக்கு முன்னாடி, என்எஃப்எஸ் சர்வர் பதிலளிக்கலைன்னு காட்டி அப்படியே நின்னுடுது. தினம் வேற வேற மெஷின்.

நெட்பூட்_கேஆர்புரம்:
நெட்வொர்க்கை அமைக்கும் நெட்வொர்க்மேனேஜர் புரோகிராம் கார்டைத் தொடுதுன்னு நினைக்கிறேன். இனிட்ராம்எஃப்எஸ் ஒரு ஐபி வாங்கி ரூட்டை மவுன்ட் பண்ணிடுச்சு. பிறகு நெட்வொர்க்மேனேஜர் எழுந்து கார்டை இறக்கி ஏத்தினா, இல்ல வேற ஐபி வாங்கினா, பழைய முகவரி போயிடும். அதைச் சரிபண்ண வேண்டிய புரோகிராமின் மீதிப் பகுதியே என்எஃப்எஸ்-ல்தான் இருக்கு, அதைப் படிக்க நெட்வொர்க் இல்ல. மெஷின் அங்கேயே பூட்டிக்கும்.

நெட்வொர்க்மேனேஜர் கான்ஃபிக்கில் ஈத்தர்நெட் வகை முழுவதையும் அன்மேனேஜ்டு (அது தொடாதபடி) ஆக்குங்க. அப்புறம் டிஎன்எஸ் முகவரியை அது எழுதாது, இமேஜில் 'ரிசால்வ்.கான்ஃப்'-ஐ நீங்களே எழுதி வைங்க. டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் 'டிஹெச்சிபி-ஹோஸ்ட்' வரி போட்டு, ஐபியோடு 'ஐடி:*' (கிளையன்ட் ஐடியைப் பார்க்காதேன்னு அர்த்தம்) சேருங்க, லீஸை (ஐபியின் காலக்கெடு) இன்ஃபினிட் ஆக்குங்க. ஃபர்ம்வேர் ஒரு கிளையன்ட் ஐடி, லினக்ஸ் இன்னொன்று அனுப்பினாலும் அதே ஐபி வரும். இமேஜில் மெஷின்-ஐடி ஃபைல் காலியா இருக்கணும். அதில் ஒரே எண் இருந்தா, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி மாதிரி அதிலிருந்து கிளையன்ட் ஐடி உண்டாக்கும் புரோகிராம்கள் 18 மெஷினுக்கும் ஒரே அடையாளம் சொல்லும்.

சிவாஜிநகர்_அட்மின்:
இமேஜை மாற்றும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் மேல் எழுதாதீர்கள். புதியதை வேறு பெயரில் கட்டி, பழையதை ரீநேம் செய்து அதே டைரக்டரியில் வைத்துவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைக் கொடுங்கள். பழையதை அழித்தால் ஓடும் மெஷின்களில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' வந்து எல்லாம் நிற்கும். எல்லா மெஷினையும் அணைத்த பிறகே அழிக்கலாம்.

கையில் உள்ள 6,000-ஐ யுபிஎஸ்-ல் போடுங்கள், சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் சேர்த்து. சர்வரை மட்டும் யுபிஎஸ்-ல் மாட்டி ஸ்விட்ச்சைச் சுவர் பிளக்கில் விட்டால், கரண்ட் போய் வரும்போது ஸ்விட்ச் எழும் வரை, இன்வெர்ட்டரில் ஓடும் மெஷின்கள்கூட உறைந்து நிற்கும். என்எஃப்எஸ் ஹார்டு மவுன்ட் ஆக (பதில் வரும் வரை விடாமல் கேட்பது) இருந்தால் லிங்க் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்குள் பிள்ளைகள் ரீசெட் பட்டனை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.