கால்கரியில் முதல் குளிர்காலமா? கோல்ஃப் மைதானத்துக்குப் போங்கள்

நவம்பர் பிறந்ததும் கனடாவின் கால்கரி நகரத்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பவை: எந்த ஜாக்கெட் வாங்குவது, காருக்கு எந்த டயர் போடுவது, ஏப்ரல் வரை வீட்டுக்குள் எப்படிப் பொழுதைக் கழிப்பது. முதல் இரண்டுக்கும் நிறையப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். மூன்றாவதுக்கு நான் எழுதுகிறேன். வீட்டுக்குள் அடைந்துகிடக்க வேண்டியதே இல்லை.

கால்கரி மாநகராட்சிக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானங்கள் பனி விழுந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடும். அதன்பிறகு, போதுமான பனி சேரும்போது, சிலவற்றில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ செய்வதற்கு, அதாவது காலில் நீண்ட மெல்லிய பலகைகளை (ஸ்கீ) மாட்டிக்கொண்டு பனியில் வழுக்கிச் செல்வதற்கு, தடம் போடுகிறார்கள். நான் முதலில் பரிந்துரைப்பது ஷாகனாப்பி பாயின்ட். டவுன்டவுனிலிருந்து சி-டிரெயின் எனும் நகர ரயிலின் ப்ளூ லைனில் மேற்கே போனால், சுனால்ட்டாவுக்கு அடுத்த நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். மைதானம் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. கார் இல்லாதவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. மேட்டில் நின்றால் கீழே போ (Bow) ஆறும் அந்தப் பக்கம் நகரத்துக் கட்டடங்களும் தெரியும். வடமேற்கில் இருப்பவர்களுக்கு கான்ஃபெடரேஷன் பார்க் மைதானம் அருகில். எந்த ஆண்டு எங்கே தடம் போடுவார்கள் என்பது பனியைப் பொறுத்தது. அதனால் கிளம்பும் முன் இணையத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். டிக்கெட் எடுக்கத் தேவையில்லை, உறுப்பினராகவும் தேவையில்லை. கோல்ஃப் என்றாலே பணக்காரர் விஷயம் என்று ஒதுங்கிப் பழகிய நமக்கு உள்ளே நுழையவே தயக்கமாக இருக்கும். தயங்காதீர்கள். அது உங்கள் நகரத்தின் பொது நிலம்.

நுழைந்ததும் தரையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ரயில் தண்டவாளம் போல இரண்டு இணையான பள்ளங்கள் இருக்கும். அது கிளாசிக் முறைக்கானது, ஸ்கீயை அந்தப் பள்ளத்தில் வைத்து நேராக முன்னே தள்ளிப் போவார்கள். பக்கத்தில் அகலமாக, சீப்பால் வாரியதுபோல வரிகள் விழுந்த பரப்பு இருந்தால் அது ஸ்கேட்டிங் போலக் கால்களைப் பக்கவாட்டில் தள்ளிப் போகும் ஸ்கேட் ஸ்கீ செய்பவர்களுக்கானது. புதியவர்கள் கிளாசிக்கில் தொடங்குவதே நல்லது. அடியில் மீன்செதில் மாதிரி வெட்டுகள் உள்ள ஸ்கீயைக் கேட்டு எடுங்கள். மேட்டில் ஏறும்போது பின்னால் வழுக்காது, மெழுகு பூசும் வேலையும் குறையும். முதல் நாளே விலை கொடுத்து வாங்க வேண்டாம். கால்கரி பல்கலைக்கழகத்தின் அவுட்டோர் சென்டரில் வாடகைக்குக் கிடைக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நடப்பவர்கள் அந்தப் பள்ளங்களில் கால் வைக்கவே கூடாது. ஒரு காலடி விழுந்த குழி இரவில் கல்லாக உறைந்துவிடும்; மறுநாள் வேகமாக வருபவரின் ஸ்கீ அதில் சிக்கினால் அவர் விழுந்து அடிபடுவார். நாய்களையும் அங்கே கூட்டிப்போகாதீர்கள். வெறுமனே நடக்க விரும்புகிறவர்களுக்கு ஆற்றோர நடைபாதைகள் இருக்கின்றன. முக்கியமானவற்றில் மாநகராட்சியே பனியை அகற்றிவிடுகிறது.

கோல்ஃப் மைதானத்துக்கே உரிய இன்னொரு விதியும் உண்டு. கொடி நடும் அந்த மென்மையான புல்வட்டத்தை கிரீன் என்பார்கள். கயிறோ வேலியோ கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும் அதன் மேல் போகாதீர்கள். காலால் அழுந்திய பனி இறுகிப் பனிக்கட்டியாகும். அதன் கீழே புல் காற்றில்லாமல் சாகும், பூஞ்சையும் பிடிக்கும். உறைந்த புல்லை நேரடியாக மிதித்தால் அதன் குருத்தே முறிந்துவிடும். வசந்தத்தில் அந்த இடம் பழுப்பாகக் கிடக்கும். குளிர்காலத்தில் நம்மை உள்ளே விடுவது தொடர வேண்டுமானால் இந்த ஒரு மரியாதையை நாம் காட்டியே ஆக வேண்டும். மைதானத்துக் குளங்களின் பக்கமும் போகாதீர்கள். மழைநீர் வந்து சேரும் குளங்களில் அடியில் நீர் ஓடிக்கொண்டும் மட்டம் மாறிக்கொண்டும் இருப்பதால், மேலே உறைந்து தெரியும் பனிக்கட்டி எந்த இடத்தில் மெல்லியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கால்கரியின் வானிலை தனி ரகம். மலையைத் தாண்டி வரும் சினூக் காற்று சில மணி நேரத்தில் வெப்பநிலையை 15, 20 டிகிரி உயர்த்திவிடும். பனி உருகி, இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடித் தரையாகிவிடும். அப்படிப்பட்ட மறுநாள் காலையில் தொடக்கநிலைக்காரர்கள் போகவேண்டாம். புதுப் பனி விழுந்து தடம் போட்ட பிறகு போங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வார இறுதி நண்பகல்தான் நல்ல நேரம். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை உறுத்தும், கறுப்புக் கண்ணாடி அவசியம்.

ஆடை: உடம்போடு ஒட்டும் உள்ளாடை பருத்தியாக இருக்கக்கூடாது. வியர்வையில் நனைந்த பருத்தி காயாது, நின்றதும் உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளடுக்கு, மேலே மெல்லிய ஜாக்கெட், தொப்பி, கையுறை போதும். ஸ்கீ செய்யும்போது உடம்பு நன்றாகச் சூடாகும். ஜீன்ஸ் வேண்டாம்.

ஆறு வயதுப் பையனுக்கு இது சரிப்படுமா என்று கேட்டிருந்த சகோதரிக்கு: தாராளமாக. முதலில் கையில் பனியில் ஊன்றித் தள்ளும் கோல் கொடுக்காதீர்கள். கோல் இல்லாமல்தான் குழந்தைகள் சமநிலையைச் சீக்கிரம் பிடிக்கிறார்கள். சமதளத்தில் அரை மணி நேரம் போதும், சிணுங்குவதற்கு முன்பே வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப்போக நினைக்கும் தம்பிக்கு: அவர்களை ஸ்கீ தடத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம், பனி அகற்றிய நடைபாதைக்குக் கூட்டிப்போங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள் கடைகளில் கிடைக்கும், ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். காற்றோடு சேர்த்து உணரும் குளிர் -28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். அன்றைக்கு அவர்களை வெளியே அழைக்காதீர்கள். -5, -8 என்று வெயிலோடு இருக்கும் நாளில் அப்பா தாமாகவே இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்பார்.