டெம்போ டிராவலர் கேம்பர் வண்டியில் டிஜிட்டல் என்ஜின் டிஸ்ப்ளே: எந்த அளவீடுகளைத் திரையில் வைப்பது?

அல்சூர்க்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வசிக்கும் நாங்கள், பிஎஸ்-6 டீசல் டெம்போ டிராவலர் ஒன்றைப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுடன் கேம்பர் வண்டியாக மாற்றி வைத்திருக்கிறோம். கோவையிலிருந்து சாமராஜநகர் வழியாகத் திரும்பும்போது, பண்ணாரியைத் தாண்டித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் முழுப் பாரத்துடன் ஏற வேண்டியிருக்கிறது. பாதி ஏற்றத்தில் என்ஜின் விசிறி பெருத்த இரைச்சலுடன் சுழலத் தொடங்குகிறது. ஆனால் டாஷ்போர்டில் உள்ள வெப்பநிலை முள்ளோ நடுக்கோட்டை விட்டு அசைவதில்லை. ஆகவே ஓபிடி சாக்கெட்டில் (என்ஜின் கணினியின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) பொருத்தும் டிஜிட்டல் டிஸ்ப்ளே ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன்.

எந்த அளவீடுகளை எப்போதும் திரையில் வைத்திருக்க வேண்டும்? புளூடூத் அடாப்டரும் கைப்பேசிச் செயலியும் போதுமா, தனி டிஸ்ப்ளேதான் வேண்டுமா? வண்டி வாரக்கணக்கில் நிற்கும்போது அதைச் சாக்கெட்டிலேயே விட்டுவைக்கலாமா?

டீசல்நேசன்:

வணக்கம் ஐயா. முள் அசையாதது பழுதன்று. இன்றைய வண்டிகள் பலவற்றில், கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எந்த நிலையில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால், பெங்களூரின் நெரிசலான சில்க் போர்டு சிக்னலில் முள் சற்று ஏறியதுமே பாதிப் பேர் பதறிப்போய் சர்வீஸ் சென்டரின் வாசலில் நிற்பார்கள். விசிறியின் இரைச்சல்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேர்மையான தகவல். அதன் நடுவில் உள்ள பிசுபிசுப்புத் திரவக் கிளட்ச், ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று நன்கு சூடான பிறகே முழுமையாகப் பிடித்து விசிறியை வேகமாகச் சுழற்றும். எனவே முள் காட்டாத வெப்ப உயர்வு ஒன்று அங்கே உண்மையிலேயே நடக்கிறது.

டிஸ்ப்ளேயை மாட்டியதும் உடனே மலையேற வேண்டாம். முதலில் ஓசூர் சாலை போன்ற சமதளத்தில் ஓட்டி, உங்கள் வண்டியின் இயல்பான வெப்பநிலை என்ன என்பதைப் பாருங்கள். கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குவதால், அதை ஒட்டிய ஓர் எண்ணில் நிலைத்து நிற்கும். ஏற்றத்தில் அது 100 டிகிரியை நெருங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் ரேடியேட்டர் மூடி தக்கவைக்கும் அழுத்தமும் கூலன்டில் கலந்துள்ள கிளைகால் என்ற வேதிப்பொருளும் சேர்ந்து கூலன்டின் கொதிநிலையை 100 டிகிரிக்கு வெகுவாக மேலே உயர்த்திவிடுகின்றன. ஏற்றம் முடிந்து சமதளம் வந்த சில நிமிடங்களில் எண் பழைய இடத்துக்கு இறங்குகிறதா என்பதையே கவனிக்க வேண்டும். போன முறை அதே ஏற்றத்தில், அதே பாரத்தில் 98 காட்டிய வண்டி இம்முறை 104 காட்டினால், ரேடியேட்டரின் முகப்பில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கின்றனவா, விசிறிக் கிளட்ச் நலிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

எச்சரிக்கை ஒலியைத் தொடக்கத்தில் 105 டிகிரியில் வையுங்கள். பழகிய பிறகு, வழக்கமான உச்சத்துக்கு நான்கைந்து டிகிரி மேலே மாற்றிக்கொள்ளுங்கள். ஒலித்ததும் ஏசியை நிறுத்தி, ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம் சற்று உயர்ந்திருக்கும்படி ஓட்டினால் தண்ணீர்ப் பம்பும் விசிறியும் வேகமாகச் சுழலும். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதையும் முழுவதுமாகத் திறந்துவிடலாம். வியர்வை வழியும், ஆனால் என்ஜின் பிழைக்கும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி, ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்ட பிறகு அணையுங்கள். சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

ஓர் எச்சரிக்கை. சென்சார் கூலன்டில் மூழ்கியிருக்கும்போது மட்டுமே அதன் எண்ணை நம்பலாம். குழாய் வெடித்துக் கூலன்ட் வெளியேறிவிட்டால், சென்சார் காற்றில் தொங்கியபடி குறைவான வெப்பநிலையைக் காட்டக்கூடும். ஏற்றத்தின் நடுவில் எண் காரணமின்றித் திடீரெனச் சரிந்தால் மகிழாமல் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

கூலன்ட், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, மின்னழுத்தம், டர்போ அழுத்தம் ஆகிய நான்கும் திரையில் இருந்தால் போதும். எல்லாவற்றையும் கேட்டால் ஒவ்வோர் எண்ணும் புதுப்பிக்கப்படும் வேகம் குறைந்துவிடும்.

ஜேசிரோடு ஸ்பேனர்:

தனி டிஸ்ப்ளேயே மேல் என்பது என் கருத்து. கைப்பேசியில் வழிகாட்டி வரைபடமும் அழைப்பும் வந்து செயலியை மறைத்துவிடும். வெயிலில் கைப்பேசியே சூடாகி அணைந்துவிடுவதும் உண்டு. வாங்கும் முன் சோதித்துப் பார்க்க மட்டும் அடாப்டர் போதும், ஆனால் மிக மலிவான நகல்கள் சில கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது.

சாக்கெட்டின் 16-ஆம் முனையில் சாவியை எடுத்த பின்னும் பேட்டரி மின்சாரம் இருக்கும். உறங்காத கருவி ஒன்று 50 மில்லியாம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36 ஆம்பியர்-மணி போய்விடும். வாரக்கணக்கில் நிறுத்துவதாயின் கழற்றிவிடுங்கள்.

அல்சூர்க்காரன்:

மிக்க நன்றி. நண்பரின் அடாப்டரை மாட்டிப் பார்த்தேன். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியபோது, டர்போ அழுத்தத்துக்கான இடத்தில் 91 கிலோபாஸ்கல் என்று காட்டுகிறது. சென்சாரில் குறையா? வீட்டுப் பேட்டரியையும் (கேம்பரின் உள்ளே விளக்கு முதலியவற்றுக்கான தனிப் பேட்டரி) இதிலேயே கண்காணிக்க முடியுமா?

டீசல்நேசன்:

குறை ஏதுமில்லை ஐயா. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்; ஊட்டியில் அதே வண்டி 77-ஐ ஒட்டிக் காட்டும். திரை காட்டும் இன்டேக் அழுத்தத்திலிருந்து (என்ஜினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம்) சுற்றுப்புற அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே டர்போ தரும் கூடுதல் அழுத்தம். மின்னழுத்த எண் ஸ்டார்ட்டர் பேட்டரியின் பக்கத்தை மட்டுமே காட்டும்; வீட்டுப் பேட்டரியை ஓபிடி அறியாது, அதற்கு ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்கும் மின்தடை) வைத்த தனி மானிட்டர் வேண்டும். இறக்கத்தில் பிரேக்குகள் எவ்வளவு சூடாகின்றன என்பதையும் இது காட்டாது. தொப்பூர்க் கணவாயில் திரையை நம்பாமல் கியரை நம்புங்கள்.

உங்களுடையது பிஎஸ்-6 என்பதால் இன்னொன்று. டிபிஎஃப் வடிகட்டி தன்னிடம் சேர்ந்த புகைக்கரியை எரிக்கும் வேளையில் அதனுள் வெப்பநிலை 600 டிகிரியை ஒட்டிச் செல்லும். முகாமிடத்தை அடைந்ததும் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தும் வழக்கமுள்ள நமக்கு, அது எப்போது நடக்கிறது என்று தெரிந்திருப்பது மிகவும் அவசியம். கரியின் அளவைத் தயாரிப்பாளர்கள் தத்தம் தனிக் குறியீட்டில் வைத்திருப்பதால், வாங்கும் டிஸ்ப்ளே உங்கள் மாடலுக்கு அதைப் படிக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிழைக் குறியீடு வந்தால் டிஸ்ப்ளேயிலிருந்து அழிக்காதீர்கள். பிழை நேர்ந்த கணத்தின் பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும், பிறகு மெக்கானிக் இருட்டில்தான் தேட வேண்டும்.

ஜேசிரோடு ஸ்பேனர்:

இதைப் படிப்பவர்களில் பஸ் சேசிஸில் கட்டிய பெரிய வண்டி வைத்திருப்போர் யாரேனும் இருந்தால்: அவை பெரும்பாலும் 24 வோல்ட். 24 வோல்ட்டுக்கான 16 முனைச் சாக்கெட்டில் நடுப்பள்ளம் தொடர்ச்சியாக இராமல் இடையில் தடைப்பட்டிருக்கும். 12 வோல்ட் பிளக் உள்ளே போகக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு. பிளக் நுழையவில்லை என்று தேய்த்து நுழைக்காமல், கனரக வாகனங்களின் தகவல் பரிமாற்ற முறையான ஜே1939-ஐப் படிக்கும், 24 வோல்ட்டைத் தாங்கும் டிஸ்ப்ளேயாகப் பார்த்து வாங்குங்கள்.