ஏழு நாளில் தலை சரியாகிவிடுமா?

மிச்சிகன்_மாமா: நேற்று ஒருவர் "கன்கஷன் வெறும் ஏழு நாள் சமாச்சாரம், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சும்மா ஊதிப் பெருக்குகிறார்கள்" என்று எழுதியிருந்தார். கன்கஷன் என்றால் தலையில் அடிபட்டு மூளை குலுங்கிப்போவது; ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். எந்த ஏழு நாள்? யார் எண்ணியது?

நெல்லைப்புலி: நான்தான் எழுதினேன். 2003-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் படியுங்கள், கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்ததுதான். பெரும்பாலோர் ஏழு நாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள்.

மிச்சிகன்_மாமா: பத்தில் ஒருவருக்கு ஒரு வாரம் தாண்டியும் தீரவில்லை என்று அதிலேயே இருக்கிறதே, அந்த வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டீரா? அப்புறம் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் 2014-இல் தொடங்கிய கேர் என்ற கன்கஷன் ஆய்வில், மறுபடி ஆட இறங்குவதற்குப் பாதிப்பேருக்கு மேல் 12 நாள் தாண்டிவிட்டது, 28 நாளிலும் 85 சதவீதம் பேர்தான் திரும்பியிருந்தார்கள்.

நெல்லைப்புலி: அதில் எல்லா விளையாட்டும் கலந்திருக்கிறது. நான் பேசியது ஃபுட்பால். ஏழு நாள்.

தேள்கொடுக்கு: நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சண்டையே வராது.

மிச்சிகன்_மாமா: வந்துட்டாரய்யா. ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை எப்படி நிறுத்தும்? இன்னொன்றும் கேளுங்கள், ஆறு கல்லூரி அணிகளை 2015 முதல் 2019 வரை கவனித்ததில் கன்கஷனில் 72 சதவீதம் பயிற்சியில்தான் நடந்திருக்கிறது. எதிரணி இடிக்கவில்லை, சொந்த அணிக்காரனே இடித்தது.

தேள்கொடுக்கு: கேட்டது ஹெல்மெட், கிடைத்தது பிரசங்கம். போன ஐபிஎல் சண்டையிலும் இதே கதைதான்.

நெல்லைப்புலி: 72 என்ன, 92 ஆகட்டும். எத்தனை நாளில் தேறுகிறான்? ஏழு!

மிச்சிகன்_மாமா: 2014 செப்டம்பரில் மினசோட்டாவோடு நடந்த ஆட்டத்தில் எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக க்வார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஷேன் மாரிஸ் அடிவாங்கி, நிற்க முடியாமல் தள்ளாடி, பக்கத்து ஆளின் மேல் சாய்ந்து நின்றதை ஊரே பார்த்தது. அப்படியும் பந்தெறிய விட்டார்கள், வெளியே எடுத்த பிறகும் மறுபடி ஒரு முறை இறக்கினார்கள். லேசான கன்கஷன் இருக்கலாம் என்று பல்கலைக்கழகம் வாய் திறக்கவே இரண்டு நாளாயிற்று. உம்முடைய ஏழு நாளை எங்கிருந்து எண்ணுவது?

நெல்லைப்புலி: "எங்கள்" க்வார்ட்டர்பேக்காம்! பையன் அங்கே படித்தால் அணியே இவருடையதாகிவிடுமா?

மிச்சிகன்_மாமா: என் பையனை ஏன் இழுக்கிறீர்? கணக்கைச் சொல்லும்.

ஓரமாய்_ஒருவன்: கபடியில் இதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா?

தேள்கொடுக்கு: கபடிக்குத் தனியாக ஆரம்பியுங்கள், இங்கே மாமா இடம் விடமாட்டார்.