புதுப்பிப்பு: கவுன்சில் திட்டத்துக்கு ஆலோசகர்களை ஒரே குழுவாக எடுத்தோம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லண்டனில் நான் வேலை பார்க்கும் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) ஒரு பழைய கடைத்தெருவை இடித்துக் குடியிருப்பும் நூலகமுமாகக் கட்டப்போகிறது. ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர், பிளானிங் ஆலோசகர் எல்லோரையும் தனித்தனியாக எடுப்பதா, ஒரே குழுவாகவா என்று கேட்டிருந்தேன்.

ஒரே குழுவாகவே எடுத்தோம். ஏற்கெனவே உள்ள ஃப்ரேம்வொர்க்கில் (முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்த நிறுவனங்களின் ஒப்பந்தப் பட்டியலில்) இருக்கும் நிறுவனங்களுக்குள் மட்டும் போட்டி வைக்கலாம் என்று முதலில் பதில் போட்டவர் சொன்ன வழிதான் கைகொடுத்தது. செலவு மதிப்பீட்டாளரை மட்டும் தனியாக வையுங்கள் என்றவருக்கும் நன்றி. வடிவமைக்கும் குழுவே தன் செலவுக் கணக்கையும் போடுவது சரியில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. கட்டணத்தை ரீபா நிலைகளாக, அதாவது பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கம் வகுத்த திட்டக் கட்டங்களாகப் பிரித்து, தொழில்நுட்ப வடிவமைப்புக்கு முந்தைய 3ஆம் நிலை முடிவில் விலகும் உரிமையை வைத்துக்கொண்டோம்.

எதிர்பாராதது பிரின்சிபல் டிசைனர், அதாவது வடிவமைப்பு வேலையை ஒருங்கிணைக்கும் முதன்மை வடிவமைப்பாளர் விஷயம். கட்டுமான வேலையின் பாதுகாப்புக்கான 2015 சிடிஎம் விதிகளில் அந்தப் பொறுப்பு இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தின் கட்டட விதிமுறைகளின் கீழும் அதே பெயரில் இன்னொரு பொறுப்பு உண்டு. ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யலாம், ஆனால் வேலை விவரக் குறிப்பில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எங்களுக்கு வந்த விலைகளில் சில, முதல் பொறுப்பை மட்டுமே சேர்த்திருந்தன. எல்லோரிடமும் விளக்கம் வாங்கிய பிறகே மதிப்பெண் போட முடிந்தது.

எங்கள் கட்டடம் உயரம் குறைவு. உங்கள் குடியிருப்பு 18 மீட்டரையோ 7 தளத்தையோ எட்டினால் கேட்வே 2 ஒப்புதல் (கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு தரும் அனுமதி) இல்லாமல் கட்டுமானத்தைத் தொடங்க முடியாது. கால அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள்.

துணை ஆலோசகர்களின் வேலையில் குறை வந்தால் நாங்களே அவர்களை நேரடியாகக் கேட்பதற்கான உத்தரவாதப் பத்திரம் வாங்கும் வேலை மட்டும் இன்னும் ஓடுகிறது.